வாசல் சாவியும் அறைப் பூட்டும்: கட்ஸிர் மனை வழக்கு

இஸ்ரேலில் பாகா அல்-கர்பிய்யா என்று ஓர் அரபு ஊர். பெயருக்குப் பொருள் மேற்குப் பாகா. கிழக்குப் பாகா பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம். 1949-ல் இஸ்ரேலும் ஜோர்டானும் போர்நிறுத்தக் கோடு கிழித்தபோது இரண்டு பாகாவும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தன. மேற்குப் பாகாவின் அரபு மக்கள் இஸ்ரேல் குடிமக்கள் ஆனார்கள். ஓட்டுரிமை வந்தது. கூடவே ராணுவ நிர்வாகமும் வந்தது. 1966 வரை அது நீடித்தது. ஊரைவிட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு கேட்ட காலம் அது.

1995 ஏப்ரலில் அந்த ஊரைச் சேர்ந்த, கஅதான் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு தம்பதி, அதே வாதி ஆரா வட்டாரத்தில் குன்றின்மேல் இருக்கும் கட்ஸிர் என்ற குடியிருப்பில் வீடு கட்ட மனை கேட்டுப் போனார்கள். கணவர் மருத்துவமனையில் நர்ஸ். சொந்த ஊரின் நெரிசல் போதும், வாழ்க்கைத் தரம் கொஞ்சம் மேலாக இருக்கும் இடத்தில் வாழலாம் என்பது எண்ணம். மகள்களின் பள்ளிப் படிப்பும் மனதில் இருந்தது. உலகம் முழுக்க நடுத்தரக் குடும்பங்கள் வீடு மாற்றுவது இந்தக் காரணங்களுக்காகத்தான். அரசியல் சாசனத்தை அசைத்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் மனைக்கு விண்ணப்பிப்பதில்லை.

கிடைத்த பதில் சுருக்கமானது: இது யூதர்களுக்கான நிலம், உங்களுக்குக் கிடையாது.

அந்த ஆண்டு அக்டோபரில் இஸ்ரேல் சிவில் உரிமைகள் சங்கம் அவர்கள் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது. எண் 6698/95. இஸ்ரேலில் சட்டம் படிக்கும் மாணவர் எவரிடம் கேட்டாலும் "கஅதான் வழக்கு" என்று சட்டென்று சொல்வார். இஸ்ரேல் தன்னை அழைத்துக்கொள்ளும் "யூத, ஜனநாயக நாடு" என்ற தொடரின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த இணைப்புக்கு என்ன எடை என்று ஒரு மனையை வைத்து நிறுத்துப் பார்த்த வழக்கு இது.

நிலம் யார் கையில்?

வழக்கு புரிய வேண்டுமென்றால் முதலில் நில ஏற்பாடு புரிய வேண்டும். இஸ்ரேலில் சுமார் 93 சதவீத நிலம் தனியார் கையில் இல்லை. அரசு, வளர்ச்சி ஆணையம், யூத தேசிய நிதியம் ஆகிய மூன்றின் பெயரில் இருக்கிறது. 1960-ல் வந்த அடிப்படைச் சட்டப்படி (சாசனத்தின் இடத்தில் இருக்கும் சட்டம்) அந்த நிலத்தைப் பொதுவாக விற்க முடியாது. நீண்டகாலக் குத்தகைக்குத்தான் விடலாம். குத்தகையை அப்போது கையாண்டது இஸ்ரேல் நில நிர்வாகம் என்ற அரசு அமைப்பு. ஆகவே அங்கே "வீடு வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் "அரசிடமிருந்து குத்தகை உரிமை கிடைத்தது" என்றுதான் பொருள். அரசு ஒருவருக்கு நிலம் தர மறுத்தால் அடுத்த தெருவில் தரகரைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற வழி பெரும்பாலும் இல்லை.

கட்ஸிரை 1982-ல் உருவாக்கியது யூத முகமை. இது அரசுத் துறை அல்ல. 1929-ல், அதாவது நாடு உருவாவதற்கு முன்பே தோன்றி, உலக யூதர்களின் பணத்தில் குடியேற்றப் பணிகள் செய்த அமைப்பு. 1952-ல் ஒரு தனிச் சட்டம் இதற்கு நாட்டுக்குள் சிறப்பு அந்தஸ்து கொடுத்தது. கட்ஸிர் விஷயத்தில் சங்கிலி இப்படிப் போகிறது: நிலம் அரசுடையது. நில நிர்வாகம் அதை யூத முகமைக்கு உரிமத்தின் பேரில் கொடுத்தது. முகமை ஒரு கூட்டுறவுச் சங்கத்தோடு சேர்ந்து குடியிருப்பை அமைத்தது. யாரைச் சேர்ப்பது என்பது சங்கத்தின் கையில். சங்கத்தின் விதிகளில், ராணுவ சேவை முடித்தவராகவோ அதிலிருந்து விலக்கு பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருந்தன. நடைமுறையில் அரபுக்காரர்களைச் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. 2005-ல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினர்கள் பார்சிகளாக இருக்க வேண்டும் என்ற சங்க விதி செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கம் சேரும் உரிமை என்றால் யாரோடு சேர்வது என்று முடிவு செய்வதும் அதில் அடக்கம் என்பது வாதம். அந்தத் தீர்ப்பைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு, நானும் ஒருவன். ஆனால் கட்ஸிர் அதைவிட ஒரு படி மேலே நிற்கிறது. இங்கே மனை அரசுடையது, கை மட்டும் சங்கத்துடையது.

"யூத" என்பதும் "ஜனநாயக" என்பதும் எப்போது சேர்ந்தன?

1948 மே 14 அன்று டெல் அவிவ் அருங்காட்சியகக் கட்டடத்தில் நாட்டின் முதல் பிரதமர் பென் குரியன் படித்த சுதந்திரப் பிரகடனத்தில் "யூத நாடு" இருக்கிறது. மதம், இனம், பால் வேறுபாடில்லாமல் குடிகள் அனைவருக்கும் முழுமையான சமூக, அரசியல் சமத்துவம் என்ற வாக்குறுதியும் இருக்கிறது. "ஜனநாயகம்" என்ற சொல் மட்டும் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 1-க்குள் அரசியல் சாசனம் எழுதிவிடுவோம் என்றும் பிரகடனம் சொன்னது. எழுதவில்லை. மதவாதிகளுக்கும் மதச்சார்பற்றவர்களுக்கும் நடுவே ஒத்துப்போகவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று பலருக்குத் தோன்றியது. 1950 ஜூனில் நாடாளுமன்றமான நெஸெட் ஒரு சமரசத் தீர்மானம் போட்டது: சாசனத்தை ஒரேயடியாக எழுத வேண்டாம், அத்தியாயம் அத்தியாயமாக அடிப்படைச் சட்டங்களாக எழுதிக்கொண்டே போவோம். இன்னும் எழுதி முடிக்கவில்லை.

இரண்டு சொற்களும் ஒரே தொடராக அடிப்படைச் சட்டத்தில் ஏறியது 1992-ல்தான். மனித கண்ணியம், சுதந்திரம் பற்றிய அந்தச் சட்டத்தின் நோக்கம் "யூத, ஜனநாயக நாடு என்ற முறையில் இஸ்ரேலின் மதிப்பீடுகளை" நிலைநாட்டுவது என்று எழுதினார்கள். 120 பேர் இருக்கும் அவையில் 32-க்கு 21 என்ற கணக்கில் நிறைவேறியது. பாதிக்கு மேல் உறுப்பினர்கள் வாக்களிக்கவே இல்லை. அதே சட்டத்தில் "சமத்துவம்" என்ற சொல் இல்லை. கேட்டால் மதக் கட்சிகள் முரண்டு பிடித்திருக்கும். "யூத" என்ற சொல் அவர்களுக்காக, "ஜனநாயக" என்ற சொல் மற்றவர்களுக்காக. இரண்டும் மோதினால் எது முந்தும் என்று சட்டம் சொல்லவில்லை. நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நெஸெட்டின் அரபு உறுப்பினர் அகமது திபி இதை ஒரே வரியில் கிண்டல் செய்வார்: யூதர்களுக்கு ஜனநாயக நாடு, அரபுக்காரர்களுக்கு யூத நாடு.

"யூத" என்பது மதமா, இனமா, தேசமா என்ற குழப்பம் தனி. போலந்தில் பிறந்த ஒரு யூதர், நாஜிக் காலத்தில் ஒளிந்திருந்த கன்னியர் மடத்தில் கத்தோலிக்கராக மாறி, பிறகு துறவியானார். இஸ்ரேலுக்கு வந்து, நான் மதத்தால் கத்தோலிக்கன், இனத்தால் யூதன், எனக்கும் குடியேறும் உரிமை உண்டு என்றார். 1962-ல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. அதே சமயம் கடவுள் நம்பிக்கையே இல்லாத யூதருக்கு அந்த உரிமை உண்டு. 1970-ல், அந்த உரிமையைத் தரும் திரும்புதல் சட்டத்தைத் திருத்தி, ஒரு யூதத் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் பேரப்பிள்ளையும் வரலாம் என்றார்கள்.

நமக்குப் புரியச் சிரமமான இன்னொன்று: அங்கே குடியுரிமை வேறு, தேசியம் வேறு. மக்கள்தொகைப் பதிவேட்டில் ஒருவருடைய தேசியம் யூதர், அரபு, துரூஸ் (அரபு பேசும் தனி மதச் சமூகம்) என்று பதிவாகும். "இஸ்ரேலியர்" என்று பதியுங்கள் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். அப்படி ஒரு தேசியம் இருப்பதாக நிரூபணமாகவில்லை என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. குடியுரிமை இஸ்ரேலியர், தேசியம் மட்டும் இஸ்ரேலியர் இல்லை.

நாலரை வருஷம்

மனு போட்டது 1995 அக்டோபர், தீர்ப்பு வந்தது 2000 மார்ச் 8. நடுவில் நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வழி பார்த்தது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு மனை கிடைத்துவிட்டால் கொள்கையைத் தொடாமலே கோப்பை மூடிவிடலாம் என்ற ஆசை அதில் தெரிகிறது. நடக்கவில்லை.

அரசுத் தரப்பின் வாதங்களில் ஒன்றுதான் கனமானது. அரபுக்காரர்கள் தங்களுக்கென்று இதே மாதிரி ஒரு சமூகக் குடியிருப்பு கேட்டால் அதற்கும் நிலம் தரத் தயார். ஆகவே பாகுபாடு இல்லை, இரு தரப்புக்கும் தனித்தனியாகச் சமமான ஏற்பாடு என்றார்கள். அப்புறம் யூத முகமை தன் நிலையைச் சொன்னது: நாங்கள் யூதக் குடியேற்றத்துக்காகவே உருவானவர்கள், எங்கள் பணம் அதற்காகவே திரட்டப்பட்டது, அரபுக் குடும்பத்தைச் சேர்த்தால் எங்கள் இருப்பின் காரணமே போய்விடும். குடியிருப்புவாசிகள் ஊர்க்காவல் பணியைக் காட்டினார்கள். இங்கே வீட்டுக்கு வீடு முறை வைத்துக் காவல் காக்கிறோம், அரபுக் குடும்பம் வந்தால் அது சிக்கலாகும், சிலர் காலி செய்துகொண்டு போவார்கள் என்பது அவர்களுடைய பயம்.

ஐந்து நீதிபதிகள் அமர்வு. தலைமை நீதிபதி அஹரோன் பராக் எழுதிய தீர்ப்போடு தியோடோர் ஓர், இட்ஸாக் ஸமீர், மிஷேல் ஹெஷின் மூவரும் உடன்பட்டார்கள். யாக்கோவ் கெத்மி மாறுபட்டார். நீதிமன்றம் கொள்கையை அறிவிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பழைய ஏற்பாடுகளை நம்பிக் குடியேறியவர்கள் விஷயத்தில் அதைத் திருப்பிப் போடக்கூடாது என்பது அவர் கருத்தின் சாரம்.

பராக் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். அரசே நேரடியாக யூதர்களுக்கு மட்டும் என்று நிலம் ஒதுக்கலாமா? கூடாது. சரி, அரசு முகமைக்குக் கொடுத்து, முகமை யூதர்களுக்கு மட்டும் கொடுத்தால்? அதுவும் கூடாது. தன் கையால் செய்யக்கூடாததை இன்னொருவர் கையால் செய்தாலும் அது அரசு செய்ததுதான். இதைச் சொல்ல ஏன் நாலரை வருஷம் ஆனது என்று இன்று படிக்கும்போது தோன்றும். அவ்வளவு எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த நாட்டின் குடியேற்ற வரலாறு முழுக்க இந்த இரண்டாவது கையால்தான் நடந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் எளிது என்று சொல்ல வாய் வராது.

தனித்தனி, ஆனால் சமம் என்ற வாதத்துக்கு அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954 பள்ளித் தீர்ப்பை எடுத்துக் காட்டினார். பிரித்து வைப்பதே சமமின்மை என்று சொன்ன தீர்ப்பு அது. அதோடு நிற்காமல் கீழே இறங்கியும் பார்த்தார்: அரசு சமூகக் குடியிருப்புகளை அமைத்துக்கொடுப்பது யூதர்களுக்குத்தான். கேட்டால் தருவோம் என்பது பேச்சளவில் இருக்கிறது, ஒதுக்கிய நிலமாக இல்லை. ஆகவே இங்கே "தனித்தனி" உண்டு, "சமம்" இல்லை.

இதற்கு எதிராகக் காட்டக்கூடிய ஒரு பழைய தீர்ப்பு இருந்தது, சுவாரஸ்யமானது. நெகேவ் பாலைவனத்தில் பெடூவின் அரபுக்காரர்களுக்காக அரசு அமைத்த ஊரில், சலுகை விலையில் எனக்கும் மனை வேண்டும் என்று ஒரு யூதர் கேட்டார். 1989-ல் நீதிமன்றம் மறுத்தது. அப்படியானால் பெடூவின் ஊரில் யூதர் கூடாது, யூத ஊரில் அரபுக்காரர் மட்டும் வரலாமா? பராக் வேறுபடுத்தினார். அங்கே நாடோடி வாழ்க்கையிலிருந்து நிலையான ஊருக்கு மாறும், பின்தங்கிய ஒரு சமூகத்தைத் தூக்கிவிடக் கொடுத்த சலுகை. கட்ஸிரில் தூக்கிவிட வேண்டிய நிலையில் யார் இருக்கிறார்? நம்மூரில் இடஒதுக்கீட்டு விவாதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

இனித்தான் தீர்ப்பின் நடு இடம். இவ்வளவு சொல்லிவிட்டால் "யூத நாடு" என்பதில் மிச்சம் என்ன? பராக் அதைக் கைவிடவில்லை. ஹீப்ரு முதன்மை மொழி, விடுமுறைகளும் திருநாள்களும் யூத மக்களின் மறுமலர்ச்சியைச் சொல்பவை, யூதப் பாரம்பரியம் நாட்டின் பண்பாட்டில் மையக்கூறு. எல்லாவற்றுக்கும் மேல் உலகில் எந்த யூதரும் வந்து குடியேறலாம் என்ற 1950-ன் திரும்புதல் சட்டம். இதை விளக்க அவர் ஒரு வீட்டை உருவகமாக எடுத்தார். வீட்டுக்குள் வர யூத மக்களுக்கு ஒரு தனிச் சாவி தரப்பட்டிருக்கிறது, உண்மை. ஆனால் ஒருவர் சட்டப்படி குடிமகனாக வீட்டுக்குள் வந்துவிட்டால் மற்ற எல்லாரையும் போல அவருக்கும் சம உரிமை.

அழகான உருவகம். "யூத" என்ற சொல்லுக்கு வாசல், "ஜனநாயக" என்ற சொல்லுக்கு உள்ளே இருக்கும் அறைகள். இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு நெருடல்: மேற்குப் பாகாவின் ஆட்கள் எந்த வாசல் வழியாகவும் வந்தவர்கள் அல்ல. வீடு கட்டும்போது அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

தீர்ப்பு வந்தது, மனை வரவில்லை

இவ்வளவு பெரிய கொள்கை சொன்ன நீதிமன்றம் கடைசிப் பத்தியில் என்ன உத்தரவு போட்டது? இந்தத் தம்பதிக்கு மனை கொடு என்று அல்ல. சமத்துவக் கொள்கையின்படியும், முகமை, ஏற்கெனவே குடியிருப்பவர்கள் ஆகியோரின் நலன்கள் உள்பட மற்ற பொருத்தமான விஷயங்களைக் கணக்கில் எடுத்தும் விண்ணப்பத்தை அரசு பரிசீலிக்க வேண்டும், தாமதமில்லாமல் செய்ய வேண்டும். கிப்புட்ஸ் (கூட்டுப் பண்ணை ஊர்), மோஷாவ் (கூட்டுறவு விவசாய ஊர்) போன்ற மற்ற வகை ஊர்களைப் பற்றியோ, விசேஷப் பாதுகாப்புக் காரணங்கள் உள்ள இடங்களைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை என்றும் தெளிவாக எழுதினார் பராக். இது கடினமான, நுட்பமான பாதையில் முதல் அடி, அடி அடியாக நடப்போம் என்பது அவர் தொனி.

அந்தத் தயக்கத்தைக் குறை சொல்வது சுலபம். நெஸெட்டின் மூக்கை ஓரளவுக்கு மேல் நெருடினால் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கே கை வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் "பரிசீலி" என்ற ஒரு சொல்லில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை, எந்த அரசு அலுவலகத்திலாவது கோப்போடு நின்றவர்கள் அறிவார்கள்.

தீர்ப்பு வந்து ஏழே மாதத்தில், 2000 அக்டோபரில், நாட்டின் அரபு ஊர்களில் போராட்டம் வெடித்தது. போலீஸ் சூட்டில் 13 பேர் இறந்தார்கள்; 12 பேர் இஸ்ரேல் குடிமக்கள். வாதி ஆரா நெடுஞ்சாலையும் அடைபட்டது. விசாரணை ஆணையத்துக்குத் தலைவராக வந்தவர் இதே அமர்வில் இருந்த தியோடோர் ஓர். அரபுக் குடிமக்களை அரசு அலட்சியமாகவும் பாகுபாட்டோடும் நடத்தி வந்திருக்கிறது என்று 2003 செப்டம்பரில் அவர் ஆணையம் எழுதியது.

கட்ஸிரில் "பரிசீலனை" நடந்தது. சேர்க்கைக் குழு தம்பதியை அழைத்துப் பேசியது. அவர்கள் குடியிருப்பின் சமூக வாழ்க்கைக்குப் பொருந்த மாட்டார்கள் என்று முடிவு சொன்னது. அரபுக்காரர்கள் என்பதால் என்ற சொல் கிடையாது. அதைத்தான் நீதிமன்றம் தடுத்துவிட்டதே. அதே வாசலில், அதே ஆட்களுக்கு, வேறு வார்த்தையில் அதே பதில்.

மறுபடி 2003-ல் மனு. 2004-ல் நில நிர்வாகம் மனை தர ஒப்புக்கொண்டது. எந்த வருஷ விலைக்கு என்பதில் இன்னொரு இழுபறி. அவர்கள் வீடு கட்டிக் குடிபோனபோது முதல் விண்ணப்பம் கொடுத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளை பத்து வருஷம் பள்ளிக்குப் போகும் பிள்ளையாகவே இருப்பதில்லை.

குழு சட்டமாகிறது

வழக்கு ஜெயித்தவர் ஒரு மனை ஜெயித்தார். தோற்றவர்கள் ஒரு வழிமுறையைக் கற்றுக்கொண்டார்கள். இந்த வழக்கைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: சேர்க்கைக் குழு என்பது அதுவரை நில நிர்வாகத்தின் விதிமுறைகளில் கிடந்த ஒரு சின்ன ஏற்பாடு. கஅதான் தீர்ப்புக்குப் பிறகு அதற்கு மதிப்பு கூடிவிட்டது. வாசல் சாவி பற்றி மட்டும் நீதிமன்றம் பேசியதால், ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு போடும் வேலை தொடங்கியது.

வடக்கே கலிலி வட்டாரத்தில் ரகேஃபெத் என்ற ஊருக்கு விண்ணப்பித்த அரபுத் தம்பதி இருவருமே கட்டடக்கலை படித்தவர்கள். உளவியல் சோதனை வைத்தார்கள், பொருந்த மாட்டார்கள் என்றார்கள். அவர்களும் நீதிமன்றம் போய் 2011-ல் ஜெயித்தார்கள். அதே 2011 மார்ச்சில் நெஸெட் சேர்க்கைக் குழுக்களுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. நெகேவிலும் கலிலியிலும் 400 வீடுகள் வரை உள்ள சமூகக் குடியிருப்புகளுக்கு இது அப்போது பொருந்தியது. குழுவில் ஐந்து பேர்: ஊர்க்காரர்கள் இருவர், ஊர் சார்ந்த குடியேற்ற இயக்கத்திலிருந்து ஒருவர், யூத முகமை அல்லது உலக ஸியோனிச அமைப்பிலிருந்து ஒருவர், வட்டாரக் கவுன்சிலிலிருந்து ஒருவர். இவர்கள் ஒருவரைச் "சமூக வாழ்க்கைக்குப் பொருந்தாதவர்" என்றோ, ஊரின் "சமூக, பண்பாட்டு இழையோடு" ஒட்டாதவர் என்றோ மறுக்கலாம். மதம், இனம், தேசியம் காரணமாக மறுக்கக்கூடாது என்றும் அதே சட்டத்தில் ஒரு வரி உண்டு. கஅதான் தீர்ப்பை மதித்து எழுதிய வரி. அதற்கு மேல் வரியில் "பொருந்தாதவர்".

இந்தக் குழு மேசைக்கு எதிரே உட்கார்ந்து திரும்பிப் போனவர்கள் அரபுக்காரர்கள் மட்டும் இல்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வடஆப்பிரிக்க, மேற்காசிய வேர் கொண்ட யூதர்கள் என்று சிவில் உரிமைச் சங்கங்கள் பட்டியல் போட்டன. இழை என்று ஒன்று வைத்துவிட்டால் அதில் எந்த நூல் ஒட்டும் என்பதை ஐந்து பேர் முடிவு செய்வார்கள். அதில் வியப்பென்ன?

சட்டத்தை எதிர்த்த மனுக்கள் ஒன்பது நீதிபதிகள் முன் வந்தன. 2014 செப்டம்பரில் 5-க்கு 4 என்று தள்ளுபடி. காரணம், சட்டம் சரி என்பதல்ல. அது நடைமுறையில் எப்படிப் போகும் என்று இன்னும் தெரியவில்லை, வழக்கு முதிரவில்லை என்பது. மாறுபட்ட நால்வரில் ஒருவர் அந்நீதிமன்றத்தின் அரபு நீதிபதி ஸலிம் ஜுப்ரான். 2023 ஜூலையில் நெஸெட் 400 வீடு வரம்பை 700 ஆக உயர்த்தியது.

நடுவில் 2018 ஜூலை 19 அன்று தேசிய அரசுச் சட்டம், 62-க்கு 55. நாட்டில் தேசியத் தன்னுரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்றது. ஹீப்ருவோடு ஆட்சிமொழியாக இருந்த அரபை "சிறப்பு அந்தஸ்து" உள்ள மொழியாக இறக்கியது. 7-வது பிரிவு யூதக் குடியேற்றத்தை வளர்ப்பதை ஒரு தேசிய மதிப்பீடாக வைத்தது. இந்தப் பிரிவின் முந்தைய வரைவு இன்னும் வெளிப்படையானது: ஒரே மதத்தவரோ ஒரே தேசியத்தவரோ தனி ஊர் அமைத்துக்கொள்ள அரசு அனுமதிக்கலாம் என்றிருந்தது. அன்றைய ஜனாதிபதி ரூவன் ரிவ்லினே எதிர்த்துக் கடிதம் எழுதினார். பிறகு அதை மாற்றினார்கள். ராணுவத்தில் கட்டாய சேவை செய்யும் துரூஸ் சமூகம்தான் சட்டத்தை எதிர்த்து முதலில் நீதிமன்றம் போனது. ராணுவ சேவை முடித்தால் சமமாகலாம் என்பதைப் பல ஆண்டுகள் நம்பி மகன்களை அனுப்பியவர்கள் அவர்கள். 2021 ஜூலையில் பத்து நீதிபதிகள் சட்டம் செல்லும், ஆனால் அதைச் சமத்துவத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்றார்கள். ஜார்ஜ் கர்ரா என்ற அரபு நீதிபதி ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் 1949 கோட்டுக்கு உள்ளே, நாட்டின் குடிமக்களில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் அரபுக்காரர்களைப் பற்றி. கோட்டுக்கு அந்தப் பக்கம், கிழக்குப் பாகாவில், நெஸெட்டுக்கு ஓட்டே இல்லை. அது வேறு கட்டுரை.

கார்மியேல் பஸ்

கலிலியில் 1964-ல் உருவான கார்மியேல் நகரில் அரபுக் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து குடியேறின. எந்தச் சேர்க்கைக் குழுவும் இல்லாத சாதாரண நகரம். பணம் கொடுத்தால் வீடு கிடைக்கும். ஆனால் அங்கே அரபு வழிப் பள்ளி கிடையாது. பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார்கள். போக்குவரத்துச் செலவை நகராட்சி தர வேண்டும் என்று ஒரு குடும்பம் தங்கள் இரண்டு பிள்ளைகளுக்காக வழக்குப் போட்டது.

2020 நவம்பரில் கிரயோத் கீழ் நீதிமன்றத்தின் பதிவாளர் மனுவைத் தள்ளினார். கார்மியேல் யூத நகரம், கலிலியில் யூதக் குடியேற்றத்தை வலுப்படுத்த உருவானது. அரபுப் பள்ளி வைப்பதோ பஸ் செலவு கொடுப்பதோ மக்கள்தொகைச் சமநிலையையும் நகரத்தின் தன்மையையும் மாற்றிவிடலாம் என்று எழுதினார். துணைக்குத் தேசிய அரசுச் சட்டத்தின் 7-வது பிரிவைக் காட்டினார். குடியேற்றம் என்ற பெரிய சொல்லை எடுத்து இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் பஸ் காசுக்குக் குறுக்கே வைத்தார்.

ஹைஃபா மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு. 2021 தொடக்கத்தில் அந்த நீதிமன்றம் சொன்னது: 7-வது பிரிவை இதற்கு இழுத்தது அடிப்படையிலேயே தவறு, அது பாகுபாட்டுக்கு அனுமதி தரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு, வேறு காரணங்களுக்காக மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.